பங்கு வீட்டை விற்றால் வரி எவ்வளவு? இரண்டு பட்ஜெட்டுகளும் 2001 மதிப்பும்

கேள்வி இதுதான்: "காரைக்குடிப் பக்கம் ஐயா காலத்து வீட்டில் எங்களுக்கு நாலில் ஒரு பங்கு. 2024 பட்ஜெட்டில் இன்டெக்சேஷனை எடுத்துவிட்டார்கள், இனிமேல் பழைய வீட்டை விற்றால் பாதிப் பணம் வரிக்கே போய்விடும் என்கிறார்கள் பங்காளிகளில் சிலர். 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரியே கிடையாது, பேசாமல் விற்றுவிடு என்கிறார்கள் வேறு சிலர். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டு பேச்சையும் தள்ளிவைத்துவிடுங்கள். உங்கள் வரியைத் தீர்மானிக்கப்போவது 1-4-2001 அன்று அந்த வீட்டின் மதிப்பு என்ன என்ற ஒரே ஒரு எண். செட்டிநாட்டில் வீடு விற்பவர்களில் பெரும்பாலோர் கோட்டை விடுவது அங்கேதான்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நீண்டகால மூலதன ஆதாய வரியை 20 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தார். கூடவே, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் இன்டெக்சேஷனையும் எடுத்துவிட்டார். வீடு, மனை வைத்திருப்பவர்களிடமிருந்து நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. இரண்டே வாரத்தில் அரசு இறங்கிவந்தது. ஆகஸ்ட் 7 அன்று மக்களவை நிறைவேற்றிய நிதி மசோதாவில் ஒரு திருத்தம் சேர்ந்தது: 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு இரண்டு விதமாகவும் வரி போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டினால் போதும். ஜூலையில் கிளம்பிய பயம் ஊர் முழுக்கப் பரவியது. ஆகஸ்ட் திருத்தம் அந்த அளவுக்குக் காதில் விழவில்லை. உங்கள் பங்காளிகள் பேசுவது ஜூலைச் செய்தி. 1961 சட்டத்துக்குப் பதிலாக 1-4-2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும். அதனால் இங்கே எண்களைக் குறைத்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

ஐயா கட்டிய வீடு 1920-களிலோ 30-களிலோ எழும்பியிருக்கும். அன்றைக்கு ஆன செலவுக்குக் கணக்கு யாரிடமும் இருக்காது, தேவையும் இல்லை. 1-4-2001-க்கு முன் குடும்பத்துக்கு வந்த சொத்து என்றால், அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக வைத்துக்கொள்ள சட்டம் இடம் கொடுக்கிறது. வாரிசாக வந்த பங்குக்கும் இது பொருந்தும். 2017 வரை இந்த அடிப்படை ஆண்டு 1981 ஆக இருந்தது. பெரியவர்கள் இன்னும் 1981 என்று சொன்னால் அது பழைய கணக்கு. விலைக் குறியீடு 2001-02-க்கு 100, 2025-26-க்கு 376. அதாவது 2001-ல் ஒரு லட்சமாக இருந்தது 2025-26-ல் விற்றால் 3.76 லட்சமாகக் கணக்கில் ஏறும்.

உங்கள் பங்கு 30 லட்சத்துக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். 2001-ல் அந்தப் பங்கின் மதிப்பு 8 லட்சம் என்றால், அது 30.08 லட்சமாக உயர்கிறது. ஆதாயமே இல்லை, வரி சுழி. 2001 மதிப்பு 5 லட்சம் என்றால், பழைய முறையில் (இன்டெக்சேஷனோடு) 18.8 லட்சம் கழித்து மீதி 11.2 லட்சத்துக்கு 20 சதவீதம், 2.24 லட்சம். புதிய முறையில் (இன்டெக்சேஷன் இல்லாமல்) 25 லட்சத்துக்கு 12.5 சதவீதம், 3.125 லட்சம். குறைவான 2.24 லட்சத்தோடு அதன் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் தீர்வை) சேர்த்து 2,32,960 ரூபாய் கட்ட வேண்டும். 2001 மதிப்பு 3 லட்சம்தான் என்றால் நிலைமை தலைகீழாகிறது. பழைய முறையில் 3.744 லட்சம், புதிய முறையில் 3.375 லட்சம், செஸ்ஸோடு 3,51,000 ரூபாய்.

அதே வீடு, அதே விலை. 2001 மதிப்பு 3 லட்சமா 8 லட்சமா என்பதில் மூன்றரை லட்சம் ரூபாய் போய்வருகிறது. மனக்கணக்குக்கு ஒரு அளவுகோல்: 2025-26-ல் விற்கும் விலை, 2001 மதிப்பைப்போல 3.76 மடங்குக்குள் இருந்தால் வரி இல்லை. 8.36 மடங்கு வரை பழைய முறை லாபம். அதைத் தாண்டினால் 12.5 சதவீதமே லாபம். எப்படிப் பார்த்தாலும் உங்கள் நிலையில் செஸ் சேர்த்து ஆதாயத்தில் 13 சதவீதத்துக்கு மேல் போகாது. "பாதி வரிக்கே போகும்" என்பது வெறும் பயம்.

சரி, அந்த 2001 மதிப்பை எப்படி எடுப்பது? பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் 1-4-2001 தேதியிட்ட மதிப்புக்கு அறிக்கை வாங்க வேண்டும். வீட்டை விற்று, வாங்கியவர் இடித்துத் தள்ளிய பிறகு அறிக்கைக்கு ஓடுபவர்கள் உண்டு. அப்போது அளக்க எதுவும் இருக்காது. அச்சாரம் வாங்குவதற்கு முன்பே ஆளை வரவழைத்து முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டுக் கிணறு வரை அளக்கச் சொல்லுங்கள். தேக்குத் தூண் எத்தனை, என்ன உயரம், தரை ஆத்தங்குடிக் கல்லா இத்தாலிப் பளிங்கா, சுவர் சுண்ணாம்புப் பூச்சா, கூரை நாட்டு ஓடா மெத்தையா (மொட்டைமாடித் தளமா) என்பதெல்லாம் அறிக்கையில் வரவேண்டும்; புகைப்படமும் இணைய வேண்டும். நகரத்து மதிப்பீட்டாளர் சிலர் சதுர அடிக்கு ஒரே விலை போட்டு, கட்டடத்தின் வயதைச் சொல்லித் தேய்மானத்தையும் முழுக்கக் கழித்து, கட்டட மதிப்பைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். நூறாண்டு நின்றும் உளுக்காத பர்மாத் தேக்குக்கு சாதாரணக் கட்டடத் தேய்மானம் போடுவது நியாயமே இல்லை. செட்டிநாட்டு வீட்டை மதிப்பிட்டுப் பழகியவரைப் பிடியுங்கள்.

இதில் ஒரு கடிவாளமும் இருக்கிறது. 2001 மதிப்பு, அதே தேதியில் முத்திரைத் தீர்வைக்காக அரசு வைத்திருந்த மதிப்பைத் தாண்டக்கூடாது. 1-4-2020-க்குப் பிந்தைய விற்பனை எல்லாவற்றுக்கும் இந்த விதி உண்டு. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு 2001 ஏப்ரலில் இருந்த வழிகாட்டி மதிப்பை மனு கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். மதிப்பீட்டாளர் தாராளமாக ஏற்றிக் கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டாம்; அதிகாரி முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். வழிகாட்டிப் பதிவேடு மனைக்குத்தான் விலை சொல்லும், கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறை விலைப்படி தனியே கணக்கு. அறிக்கையிலும் இரண்டையும் பிரித்தே எழுதச் சொல்லுங்கள். நான்கு பங்காளிகளும் நான்கு அறிக்கை வாங்கி நான்கு மதிப்பு காட்டுவதைவிடப் பெரிய தப்பு இல்லை. வீடு முழுமைக்கும் ஒரே அறிக்கை, அவரவர் பங்குக்கு வகுத்துக்கொள்வது, அவ்வளவுதான்.

2001-க்குப் பிறகு செய்த வேலைக்கும் கணக்கு உண்டு. 2012-13-ல் (குறியீடு 200) உங்கள் பங்குக்கு 3 லட்சம் போட்டுக் கூரை மரத்தை மாற்றியிருந்தால், பழைய முறையில் அது 5.64 லட்சமாக ஏறும். ரசீதும் வங்கி வழியாகப் பணம் போன சுவடும் வேண்டும். கல்யாணத்துக்காக வெள்ளையடித்ததும், மழைக்கு முன் ஓடு மாற்றி வேய்ந்ததும் பராமரிப்பு, சேராது.

12 லட்சம் கதைக்கு வருவோம். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அது சம்பளம், ஓய்வூதியம், வட்டி, வாடகை போன்ற சாதாரண வருமானத்துக்குக் கொடுக்கும் தள்ளுபடி. வீடு விற்ற ஆதாயத்துக்கான வரியில் அந்தத் தள்ளுபடி ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. அதோடு நிற்பதும் இல்லை. கழிவெல்லாம் போக 9 லட்சம் ஓய்வூதியம் வாங்குபவர் சாதாரண ஆண்டில் வரியே கட்டமாட்டார். வீடு விற்ற ஆண்டில் 25 லட்சம் ஆதாயமும் சேர்ந்து மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அப்போது அந்த 9 லட்சத்துக்கான தள்ளுபடியும் போய்விடும்; அதற்கு மட்டும் செஸ்ஸோடு 31,200 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும். "12 லட்சம் இருக்கிறதே" என்று நம்பி விற்றவர்களுக்கு இது இரட்டை அடி.

வேறு வருமானம் அதிகம் இல்லாத பெரியவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் குடியிருப்பவரின் மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குக் கீழே இருந்தால், மீதமுள்ள வரம்பை ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆச்சிக்கு 82 வயது, வங்கி வைப்பு வட்டி ஆண்டுக்கு 1.8 லட்சம் மட்டும் வருகிறது என்று வையுங்கள். புதிய வருமான வரி முறையில் வரம்பு 4 லட்சம், 2.2 லட்சம் மிச்சம். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் 80 வயது தாண்டியவருக்கு வரம்பு 5 லட்சம். மூத்த குடிமக்களுக்கான வட்டிக் கழிவு 50,000 ரூபாயும் உண்டு. மிச்சம் 3.7 லட்சம் ஆகிறது. ஒன்றரை லட்சம் ரூபாய் ஆதாயம் கூடுதலாக வரிக்குத் தப்புகிறது. புதிய வரி முறைதான் எல்லோருக்கும் லாபம் என்று கண்ணை மூடிக்கொண்டு தாக்கல் செய்துகொடுப்பவர்களிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

நம் பக்கத்தில் பங்காளி ஒருவராவது கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இல்லாத வீடு அரிது. அவருக்கு நிலைமை வேறு. இரண்டில் குறைவானதைக் கட்டும் சலுகை இந்தியாவில் குடியிருக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும்தான். மேலே சொன்ன 5 லட்சம் மதிப்புக் கணக்கில் காரைக்குடியில் இருப்பவர் 2,32,960 கட்டுவார்; கோலாலம்பூரில் இருப்பவர் 3,25,000 கட்டுவார். ஒரே வீடு, ஒரே பங்கு, 92,040 ரூபாய் வித்தியாசம். விலக்கு வரம்பு மிச்சத்தைக் கழிப்பதும் அவருக்கு இல்லை. இதைத் தெரியாமல் "எல்லோருக்கும் கையில் இவ்வளவு வரும்" என்று முதலில் பேசிவிட்டு, பிறகு குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வருவதுதான் வேதனை. கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதை வைத்து இது தீராது. விற்கும் ஆண்டில் இந்தியாவில் எத்தனை நாள் தங்கினார் என்பதே கணக்கு. பொதுவாக 182 நாள்.

வெளிநாட்டுப் பங்காளியின் பங்குக்குப் பணம் தரும்போது, வீட்டை வாங்குபவர் ஆதாயத்தின் மீது வரி பிடிக்க வேண்டும். ஆதாயம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது. பயந்துகொண்டு முழு விலையிலும் 13 சதவீதம், 30 லட்சத்துக்கு 3.9 லட்சம் பிடித்துவிடுவார். இதைத் தவிர்க்க, குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரி அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். பத்திரப்பதிவுக்கு நாள் குறித்துவிட்டு விண்ணப்பித்தால் கைக்கு வந்து சேராது. இரண்டு மாதமாவது முன்னால் தொடங்குங்கள்.

உள்ளூர்ப் பங்காளிகளுக்கு வாங்குபவர் பிடிப்பது விலையில் 1 சதவீதம். "எங்கள் பங்கு 30 லட்சம்தானே, 50 லட்சத்துக்குக் கீழே பிடித்தம் இல்லையே" என்று முன்பு சொல்ல முடிந்தது. 2024 பட்ஜெட் அந்த வழியை அடைத்துவிட்டது. 1-10-2024 முதல் எல்லாப் பங்கையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நான்கு பங்கு சேர்ந்து 1.2 கோடி, ஆகவே உள்ளூர்ப் பங்காளி ஒவ்வொருவரிடமும் 30,000 பிடிக்கப்படும். விற்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம். வாங்குபவர் இருவர், பங்காளி நால்வரில் ஒருவர் வெளிநாட்டில் என்றால், உள்ளூர்ப் பங்காளி மூவருக்கும் சேர்த்து ஆறு படிவம். எல்லாவற்றையும் ஒருவர் பெயரிலேயே கட்டிவிட்டால் மற்றவர்களுக்கு வரவே ஏறாது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பான் அட்டை இல்லாவிட்டாலும், ஆதாரோடு இணைக்காமல் செயலற்றுப் போயிருந்தாலும் பிடித்தம் 20 சதவீதம்: 30,000 போகவேண்டிய இடத்தில் 6 லட்சம். எண்பது தாண்டியவர்களுக்கு இணைப்பிலிருந்து விலக்கு உண்டு, பான் கட்டாயம் வேண்டும். விலை பேசும் அன்றே எல்லோருடைய பானையும் சரிபார்த்துவிடுங்கள்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லி வாங்குபவர் வற்புறுத்துவார். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், 1.2 கோடிக்கு 10.8 லட்சம். அவர் கஷ்டம் அவருக்கு. ஆனால் அரசு மதிப்பு பத்திர விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த அரசு மதிப்பையே நீங்கள் வாங்கிய பணமாக எடுத்து வரி போடுவார்கள். 1.2 கோடிப் பத்திரத்துக்கு அரசு மதிப்பு 1.3 கோடி என்றால் தப்பிக்கலாம், 1.4 கோடி என்றால் முடியாது. பெரிய வீடுகளில் கட்டடப் பரப்பு ஆயிரக்கணக்கான சதுர அடி என்பதால், யாரும் கொடுக்காத விலைக்கு அரசு மதிப்பு ஏறி நிற்பதும் உண்டு. அப்படியானால் துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அச்சாரம் வாங்கும் வழக்கத்தில் ஒரு ஆபத்து. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஒரு லட்சம் ரொக்கம் வைப்பது நம் பழக்கம். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட சட்டம் இருக்கிறது. தாம்பாளத்தில் 101 ரூபாய் வையுங்கள், ஒரு லட்சத்தை வங்கி வழியாக வாங்குங்கள்.

வீட்டை விற்கும் முன் தூணையும் நிலைக்கதவையும் கழற்றித் தனியே விற்பது இப்போது அதிகம். அவை கட்டடத்தின் பகுதி. "சாமான் விற்ற காசு" என்று கணக்கில் காட்டாமல் விட முடியாது. கழற்றுவதற்கு முன் மதிப்பீடு முடிந்திருக்க வேண்டும். குடும்பம் புழங்கிய பித்தளை, எனாமல் பாத்திரம், கட்டில், மரப்பெட்டி ஆகியவற்றுக்கு ஆதாய வரி இல்லை. ஓவியமும் சிற்பமும் அந்த விலக்கில் வராது. நகையும் வராது. நகைக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சலுகை கிடையாது, 12.5 சதவீதம் மட்டுமே. அதில் யாரும் வருத்தப்படத் தேவையில்லை. 2001-ல் 10 கிராம் தங்கம் சுமார் 4,300 ரூபாய் என்று கொண்டு, அதை ஒரு லட்சத்துக்கு விற்றதாகப் போட்டுப் பாருங்கள்: இன்டெக்சேஷனோடு 20 சதவீதம் 16,766 ரூபாய்; அது இல்லாமல் 12.5 சதவீதம் 11,962 ரூபாய்.

வரியைக் குறைக்க விரும்பினால், விற்றதிலிருந்து 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கலாம், அல்லது 3 ஆண்டுக்குள் கட்டலாம். கணக்குத் தாக்கல் கெடுவுக்குள் செலவழிக்க முடியாத பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும்; சாதாரண வைப்பில் போட்டால் செல்லாது. புது வீட்டை விற்றவர் பெயரிலேயே வாங்குங்கள். மகன் பெயரில் வாங்கிவிட்டு வழக்குக்கு அலைய வேண்டாம். வீடு வேண்டாம் என்பவர்கள் 6 மாதத்துக்குள் ஆர்இசி, பிஎஃப்சி போன்ற அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். 5 ஆண்டு எடுக்க முடியாது. இந்த 50 லட்சம் பங்காளி ஒவ்வொருவருக்கும் தனித்தனி.

விற்க மனமில்லாமல் பூட்டியே வைத்திருப்பவர்களுக்கும் 2025 பட்ஜெட்டில் ஒரு நல்லது நடந்தது; ஊரில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. சென்னையில் ஒரு வீடு, ஊரில் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடு என்று இரண்டு இருந்தால், ஏன் குடியிருக்கவில்லை என்ற காரணம் எதுவும் காட்டாமலே இரண்டுக்கும் வாடகை மதிப்பைச் சுழியாகக் காட்டலாம். மூன்றாவதாக மதுரையிலோ கோவையிலோ ஒரு வீடு காலியாகக் கிடந்தால், வராத வாடகைக்கும் வரி உண்டு. அப்போது வாடகை மதிப்பு குறைவான வீட்டை மூன்றாவதாகக் காட்டுங்கள். ஊர் வீட்டில் உங்கள் பங்கு வளவை ஒட்டிய ஓர் உள்வீடு மட்டும் என்றால், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.